இருப்பு: ஒன்று

அம்மாவின் குரல் போனது, சின்னவன் பாட்டு கேமைக் கடையில் கொடுத்துவிட்டு வந்த அன்று மாலை. பழைய வீடியோ கேம் கடையில் அந்த டிஸ்கை மாற்றி ஒரு கால்பந்து கேம் வாங்கிக்கொண்டு அவன் வாசல்படி ஏறினான். அதே நேரத்தில் அம்மா கூடத்தில் நின்றபடி மூத்த மகளைப் பார்த்து, "நீ போய்..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் சத்தம் வரவில்லை. உதடு அசைந்தது, கை அசைந்தது, குழாயில் தண்ணீர் நின்றதுபோல் பேச்சு நின்றுபோனது. தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, குரல் மட்டும்தான் இல்லை என்றார். அது வீட்டாருக்கே தெரியும். அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். வேலை முடிந்து வந்ததும் மைக்கைப் பிடித்து அந்த கேமில் பாடி, இருக்கிற மதிப்பெண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு போவாள். தன்னிடம் நன்றாகப் பாடுகிறவர்களின் குரலைப் பிடித்து வைத்துக்கொள்வது அந்த டிஸ்கின் குணம். கேமைச் செய்த கம்பெனி சீக்கிரமே இழுத்து மூடியதற்கும் அதுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. 'என்ன சொல்ல வந்தாய் என்று எழுதிக் காட்டு' என்றார் தையல்காரரான அப்பா. அம்மா, மீதி வார்த்தையும் குரலோடு போய்விட்டது, எனக்கே தெரியாது என்று எழுதினாள். அன்று சமையலறையிலிருந்து ஒரு பால் பாத்திரமும் காணாமல்போனது. குரலே போன வீட்டில் பாத்திரத்தை யார் தேடப்போகிறார்கள்.

மீதி வார்த்தை என்னவாக இருக்கும் என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. திட்டு தனக்குத்தான் என்று சின்னவன் நம்பினான். நம்பி, அந்தக் கால்பந்து கேமைப் பிரிக்கவே பிரிக்காமல் அலமாரியின் உச்சியில் தூக்கிப்போட்டுவிட்டான். மூத்தவளுக்குச் சந்தேகமே இல்லை. நீ போய் அதை வாங்கிட்டு வா, வேறென்ன. அம்மா தன்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறாள், அதை முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று அவள் முடிவுகட்டினாள். மறுநாளே தம்பியை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கவுண்டர்காரர் கம்ப்யூட்டரில் தட்டி, இருப்பு ஒன்று என்று காட்டுகிறதே என்றார். உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து, "காட்டுதுதான், ஆனா இல்லம்மா" என்று கையை விரித்தார்.

அந்தக் கடைக்கு ஊரெங்கும் கிளைகள் இருந்தன. எந்தக் கிளையில் எந்த கேம் எத்தனை இருக்கிறது என்பதை அவர்களுடைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூத்தவள் படித்து முடித்து லிஃப்ட் மெக்கானிக் ஆனாள். லிஃப்ட்காரி என்று பெயர் வாங்கினாள். ஆனால் அவளுடைய உண்மையான தொழில் அந்த இணையதளம்தான் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். கேமின் பெயரைத் தட்டித் தேடுகிறவர்களைப் பார்த்து அவள் மனதுக்குள் பரிதாபப்படுவாள். பெயரைக் கடைக்காரர்கள் அவசரத்தில் கன்னாபின்னாவென்று பதிவார்கள். மீன் பிடிக்கிற கேம் உடற்பயிற்சி வரிசையில் கிடக்கும். டப்பா அட்டையின் பின்பக்கத்துப் பார்கோடுக் கோடுகளுக்குக் கீழே இருக்கும் எண்ணைத்தான் தட்ட வேண்டும். இருப்பு இரண்டு என்றால் நம்பிப் போகலாம். ஒன்று என்றால் அது திருடுபோனதாக இருக்கலாம், உடைந்ததாக இருக்கலாம், வேறு டப்பாவுக்குள் படுத்திருக்கலாம். அதனால் போகும் முன் போன் செய்வாள். பேசும் விதமும் எப்போதும் ஒன்றுதான். "இருக்குன்னு சொல்லாதீங்க. டப்பாவத் தொறந்து, கையில எடுத்துக்கிட்டுப் பேசுங்க."

இப்படித் தேடியதில் அதே பாட்டு கேமின் சில டிஸ்குகள் கிடைக்கவும் செய்தன. முதலில் வந்ததைப் போட்டு அம்மா மைக்கைப் பிடித்ததும், கரகரப்பான ஓர் ஆண் குரல் அவளுக்கு வந்து சேர்ந்தது. ஒரு வாரம் அம்மா அந்தக் குரலில்தான் துணி காய்ந்துவிட்டதா என்று கேட்டாள். அப்பா கூடத்தில் உட்கார முடியாமல் தையல் கடையிலேயே இருந்துகொண்டார். சின்னவன் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து விறைப்பாக நின்றான். விசாரித்ததில் அது ஒரு விளையாட்டு நடுவருடையது. மனிதர் பல காலமாக விசிலை ஊதியே மனைவியோடு குடும்பம் நடத்தி வந்திருக்கிறார். டிஸ்கைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர் குரல் திரும்பியது. அவர் மனைவி முகத்தில் மட்டும் அவ்வளவாகச் சந்தோஷம் தெரியவில்லை. அடுத்து வந்தது ஒரு மழலைக் குரல். அதற்குச் சொந்தக்காரர் இப்போது வங்கியில் அதிகாரி. அவர் யோசித்துப் பார்த்து, "அது அங்கயே இருக்கட்டும்மா, எனக்கு மீட்டிங் நெறைய" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொன்றில் வெறும் தும்மல்தான் இருந்தது. பிறத்தியார் குரல் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் அம்மாவிடம் தங்கவில்லை.

வருஷங்கள் ஓடின. பேருந்து நிலையத்தில் பதிவு செய்த குரல் ஒன்றை வைத்துவிட்டு, அம்மாவைத் தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றினார்கள். அவள் குடைகளுக்கும் பைகளுக்கும் நடுவே உட்கார்ந்து, தேடி வருகிறவர்களுக்குத் தலையசைப்பாள். சாயங்காலம் மகளின் தோளுக்குப் பின்னால் நின்று அவளும் இணையதளத்தைப் பார்ப்பாள். சின்னவன் கேமைக் கொடுத்த அந்த முதல் கிளையில் மட்டும் இருப்பு ஒன்று என்பது மாறவே இல்லை. மூத்தவள் அதற்குப் பொய் ஒன்று என்று பெயர் வைத்திருந்தாள். அந்தக் கிளையின் மேனேஜர் அதை அழித்துப் பார்த்தார். காலையில் கடை திறக்கும்போது அது பழையபடி வந்து நிற்கும். அழிப்பதை அவரும் விட்டுவிட்டார். மற்ற கிளைகளில் ஒவ்வொன்றாகப் பூஜ்யம் ஆனது. இனி எங்கேம்மா தேடுவ, போதும் விடு என்று அப்பா ஒருநாள் சொன்னார். அம்மாவும் அதையே எழுதிக் காட்டினாள். அதைப் படித்தபோது மூத்தவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும், "கெடைக்கும்" என்றுதான் சொன்னாள். மழை வரும் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

அப்புறம் ஒரு பகல்பொழுதில், அந்த முதல் கிளை இருக்கிற கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டியிருந்தவர் அதே மேனேஜர். மூத்தவள் போய் மேலே ஏறிக் கையாலேயே லிஃப்டை இறக்கி, கதவை நெம்பி அவரை வெளியே எடுத்தாள். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்த மனிதர், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற இழுப்பறையை என் கையால் திறக்க வேண்டும் என்றாள். அந்தக் கிளையில் வெறும் டப்பாக்கள்தான் வெளியே அடுக்கில் இருக்கும். டிஸ்குகள் எண் எழுதிய காகித உறைகளில் உள்ளே இழுப்பறையில் கிடக்கும். வாடிக்கையாளரை அங்கே விடுவதில்லை. அவர் விட்டார். அவள் பாட்டு கேமின் எண்ணைத் தேடிப்போய் உறையை எடுத்தாள்.

"அதுல ஏதோ கால்பந்துதாங்க இருக்கு. அதனாலதான் நாங்க இல்லன்னு சொல்றது" என்றார் மேனேஜர்.

மூத்தவள் உறையைத் திறந்து டிஸ்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சின்னவன் கேம் மாற்றிய அன்றைக்குக் கவுண்டர்காரர் இரண்டு டிஸ்கையும் மெஷினில் போட்டுச் சோதித்திருக்கிறார். திரும்ப வைக்கும்போது கை மாறிவிட்டது. ஊரில் இருக்கிற கடைகளையெல்லாம் டப்பாவைத் திறக்கச் சொல்லி அதட்டியவள், தன் வீட்டு அலமாரி மேல் இருந்த டப்பாவை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"அந்தக் கால்பந்து டப்பாவ எடு. தொறந்து, கையில எடுத்துக்கிட்டுப் பேசு."

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு தூசியில் தும்மினான். பிறகு டப்பா திறந்தது.

"அக்கா" என்றான் கடைசியில். "பாட்டுக்கா."

டிஸ்க் வீட்டை விட்டுப் போகவே இல்லை. குரல்தான் பில்லோடு போயிருந்தது; கணக்குப்படி அந்த டிஸ்க் இன்னும் கடையுடையது. லிஃப்டில் பழகிய கை ஆனதால், எது எந்தக் கம்பியில் தொங்குகிறது என்பது அவளுக்கு உடனே பிடிபட்டது. மேனேஜரிடம் பாட்டு கேமுக்குப் பில் போடச் சொன்னாள். இல்லாத பொருளுக்கு எப்படிப் போடுவது என்று அவர் தலையைச் சொறிந்தார். போடுங்கள், எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றாள். அவர் போட்டார். அவள் கண்ணெதிரே திரையில் இருப்பு பூஜ்யமானது. மறுநாள் காலையிலும் அது பூஜ்யமாகவே இருந்ததாக மேனேஜர் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் வீட்டுக்குப் போனபோது அம்மா வேலையிலிருந்து வந்து கூடத்தில் நின்றிருந்தாள். அப்பா கையில் அளவு நாடாவோடு வந்திருந்தார். சின்னவன் டிஸ்கை மெஷினில் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். இத்தனை வருஷத்துத் திட்டை வாங்கிக்கொள்ள அவன் தயார். வாங்கி வந்துவிட்டேன், சொல்லும்மா என்று மூத்தவள் மைக்கை நீட்டினாள். அம்மா அதை வாங்கினாள். தலை நரைத்துவிட்டது, குரலுக்கு மட்டும் வயசாகவில்லை. அது அப்படியே பழைய கணீர்க் குரல்.

"...அடுப்பக் கொறச்சு வை. பால் பொங்கிடப் போகுது."

அம்மாவே ஒரு கணம் திகைத்துப்போய் மகளைப் பார்த்தாள். இதற்காகவா என்கிற முகம் அது. மூத்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சொன்ன வேலையைச் செய்கிறவள் ஆனதால், கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுப்பில், அன்று காணாமல்போன பால் பாத்திரம் இருந்தது. பால் விளிம்பு வரைக்கும் ஏறி நின்றது. அவள் அடுப்பைக் குறைத்தாள். பால் அடங்கியது. கெட்டுப்போகவில்லை, நல்ல பால்தான். எல்லோருக்கும் டீ போட்டாள்.