வேலம்மாள் வரைந்த படகு

சுனாமி வந்துபோய் மாசக்கணக்கில் ஆகியும் வேலம்மாள் கடல் பக்கம் திரும்பவில்லை. முதுநகரை ஒட்டிய குப்பத்தில் மீன் விற்றவள். அந்த அலையில் தங்கச்சி மோனிகா போனபிறகு, மீன் வாசனை பட்டாலே மூச்சு முட்டியது. பேச்சும் சுருங்கிப்போனது.

புருஷன் சின்னதம்பி அவளைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே ஜான்சி என்ற மனநல ஆலோசகர், பாதிக்கப்பட்டவர்களை வாராவாரம் படம் வரைய வைத்துக்கொண்டிருந்தாள்.

"பேச வேணாங்க்கா. தோணுறத பூசுங்க, போதும்."

வேலம்மாள் கறுப்பை மட்டும் எடுத்தாள். பேப்பர் நைந்து கிழியும்வரை பூசினாள். அடுத்தடுத்த வாரங்களும் அதேதான். ஜான்சி ஏனென்று கேட்கவில்லை. கறுப்பு தீர்ந்தால் இன்னொரு டப்பா திறந்து வைத்தாள்.

ஒருநாள் கறுப்புக்கு நடுவே மஞ்சளாய் ஒரு தாவணி வந்தது.

"என் தங்கச்சி," என்றாள் வேலம்மாள். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து ஒரு டீ குடித்தாள். இன்னொரு டீயும் கேட்டாள்.

அதன்பிறகு சிதம்பரம் போகும் நாளில் அவளே சின்னதம்பியைக் கிளப்பினாள். நீலம் வந்தது, பச்சை வந்தது. ஒரு வாரம், வாசலில் காத்திருந்த சின்னதம்பி உள்ளே எட்டிப்பார்த்தான்.

"இன்னாடி இது, செருப்பா?"

"படகு மாமா. நம்ம படகு."

"நம்ம படகு மூக்கு இப்டியா சப்பையா இருக்கும்?"

வேலம்மாள் படத்தைப் பார்த்தாள். செருப்பேதான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரித்தே எத்தனை நாளாயிற்று! சின்னதம்பிக்குத்தான் கண் கலங்கியது.

மறுநாள் காலையில் பென்சிலும் பேப்பருமாகக் கிளம்பினாள். அவன் பின்னாலேயே போனான். அவள் நேராகக் கடற்கரைக்கு நடந்தாள். மணலில் கிடந்த படகைச் சுற்றி வந்து, அதன் மூக்கைக் கையால் தடவிப் பார்த்து வரைந்தாள். அலை வந்து காலை நனைத்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"சும்மா நிக்காம அந்த வலைய நகத்து மாமா. மறைக்குதுல்ல?"

அலைச் சத்தம் கூடினால் இன்னமும் அவளுக்கு நெஞ்சு படபடக்கும். ஆனாலும் அந்தப் பொங்கலுக்குச் சின்னதம்பியின் படகில் ஒரு பெரிய மீன் வரைந்தாள். பக்கத்துப் படகுக்காரன் காத்தவராயனுக்குப் பொறுக்கவில்லை.

"என் படகுக்கும் ஒண்ணு போட்டுத் தா தங்கச்சி."

"போடுறேண்ணே. நாளைக்கு வர்ற வஞ்சிரத்த எனக்குக் குடுத்துடு. மார்க்கெட்டுக்குப் போறேன்."