ஈரமான பிரஷ்

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'பல் அக்கா'. குழந்தைகளின் பல் சொத்தையாகாமல் தடுக்கும் சுகாதாரத் திட்டத்தில் தற்காலிக ஊழியை. அவளுடைய மகளும் அங்கேதான் மூன்றாம் வகுப்பில் படித்தாள்.

அன்று மேற்பார்வையாளர் வருகிறார். அவர் மனது வைத்தால் வேலை நிரந்தரமாகிவிடும்.

"இன்னைக்கு லீவு போட்டுக்கறேன்மா" என்று காலையிலேயே மகள் கெஞ்சினாள்.

"பல் அக்கா பொண்ணே மட்டம் போட்டா சிரிக்க மாட்டாங்களா? பல்லு தேச்சியா?"

"ம்."

வழக்கம்போல் அம்மா பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. அதற்குமேல் அவள் எந்நாளும் பார்த்ததில்லை.

மகளின் வகுப்பில், மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருக்க, சிவப்பு மாத்திரையை எடுத்துக் காட்டினாள். மென்று துப்பினால் சுத்தமான பல் வெள்ளையாகவே இருக்கும்; அழுக்குள்ள இடமெல்லாம் சிவந்துவிடும். முதலில் வெள்ளைப் பற்களைக் காட்டினால் எடுப்பாக இருக்குமென்று மகளை அழைத்தாள். மகள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"சும்மா வா, கண்ணு."

மென்றாள். துப்பினாள். வாயைத் திறந்தாள்.

"ஐயோ, ரத்தக்காட்டேரி!" என்று கடைசி பெஞ்ச் கத்தியது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

பல் அக்கா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டாள். கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி. கண்ணாடி பட்டதும் மகளின் உடம்பு தூக்கிப்போட்டது. பிரஷ் பட்டாலும் இப்படித்தான் வலித்திருக்கும். பல் அக்கா மகளுக்கே சொத்தையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று, வெறும் பிரஷ்ஷை நனைத்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாம் ஒரு நொடியில் புரிந்தது. புரிந்தும் கை மகளை அணைக்கவில்லை.

"யார் வீட்டுப் புள்ளம்மா இது?" என்றார் மேற்பார்வையாளர். "நீங்க இவ்ளோ சொல்லிக்குடுத்துமா இப்படி?"

சிரிப்பு சட்டென்று நின்றது. அவரைத் தவிர அங்கே எல்லோருக்கும் பதில் தெரியும். வகுப்பு ஆசிரியை ஏற்கெனவே துடைத்திருந்த கரும்பலகையை மறுபடி துடைத்தாள்.

"சில வீட்ல கவனிக்கறதே இல்ல சார்" என்றாள் பல் அக்கா.

அது அத்தனை சுலபமாக வந்துவிட்டதில் அவளுக்கே பயமாக இருந்தது.

அவர் குனிந்தார். "உங்கம்மா எங்கடா செல்லம்?"

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"வேலைக்குப் போயிருக்காங்க சார்."

அவள் பொய் சொல்லவில்லை.

இனி நிறுத்த முடியாது. பல் அக்கா மகளின் மோவாயைப் பிடித்து வகுப்பின் பக்கம் திருப்பினாள். "நல்லா பாருங்க. ஒழுங்கா தேய்க்கலன்னா என்ன ஆகும்?"

"சொத்தை!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"பிரமாதம்மா! பசங்க மனசுல பதியுது பாருங்க" என்றார் மேற்பார்வையாளர்.

கடைசியில் ஆளுக்கொரு புது பிரஷ். வரிசையில் மகளும் வந்து கையை நீட்டினாள். உதடெல்லாம் சிவப்பு.

"தேங்க்ஸ் அக்கா."

"வாய்தான் மோசம். மரியாதை தெரிஞ்ச புள்ள" என்று சிரித்தார் மேற்பார்வையாளர்.

அடுத்த குழந்தை கையை நீட்டியது.