யாருடன் சாப்பிட்டீர்கள்?

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவள் பத்தொன்பது வருடங்களாகப் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வராதவர்கள் முதலில் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் விலாசம் சொல்வார்கள். யார் என்ன திட்டினாலும் “சொல்லுங்க” என்பாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ‘சொல்லுங்க அக்கா’. வீட்டில் அவளிடம் எதையும் சொல்ல ஆள் இல்லை.

அந்த வருடம் ரத்த அழுத்தம் நூற்று அறுபதைத் தாண்டியது. இரண்டு மாத்திரை போட்டும் இறங்கவில்லை. வயிறு வேறு எந்நேரமும் கல் மாதிரி உப்பிக் கிடந்தது. டாக்டரம்மா அந்த வயிற்றைத்தான் துருவித் துருவி விசாரித்தார்.

“பிரஷருக்கும் வயித்துக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?”

“குடல்ல கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்கு. எல்லாம் கெட்டது இல்ல, நமக்கு ஒத்தாசையா இருக்கறதும் நெறய. வருஷக்கணக்கா டென்ஷன்லயே இருந்தா அதுங்க மாறிப்போகுது. அதனாலயும் பிரஷர் ஏறலாம்னு சொல்றாங்க. இன்னும் முழுசாத் தெரியல. மாத்திரைய நிறுத்தாதீங்க. காய், கீரை, பயறு சேத்துக்குங்க. சாப்பிடறத எல்லாம் ரெண்டு வாரம் இந்தத் தாள்ல எழுதிட்டு வாங்க.”

“கோடிக்கணக்குலயா? அப்ப நான் தனியாள் இல்லன்னு சொல்லுங்க” என்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

தாளில் நான்கு கட்டங்கள்: எப்போது, என்ன, எவ்வளவு, யாருடன். முதல் நாள் ‘தனியாக’ என்று எழுதினாள். இரண்டாம் நாள் அதையே எழுதக் கை வரவில்லை. ‘தம்பியுடன்’ என்று எழுதினாள்.

தம்பி பஸ் டிரைவர். எட்டு ஸ்டாப் தள்ளித் தனியாக இருந்தான். அம்மா படுக்கையில் கிடந்தபோது யார் லீவு போடுவது என்று மூண்ட சண்டையில் பேச்சு நின்று ஆறு வருடம். மீதிப் பதின்மூன்று நாளும் அவன் தாளில் மட்டும் வந்து சாப்பிட்டுப் போனான்.

டாக்டர் படித்துப் பார்த்தார். “தம்பிக்கும் பிரஷர் இருக்கான்னு பாக்கலாமே. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க.”

மூன்று நாள் யோசித்துப் போன் போட்டாள். அவன் எடுத்ததும் அவள் வாய் தானாக “சொல்லுங்க” என்றது.

“அக்கா, நீதான போன் பண்ணின?”

“எனக்குப் பிரஷர்டா. உன்னையும் வரச் சொல்றாங்க.”

“எத்தன மணிக்கு?”

யூனிபார்மிலேயே வந்தான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. அவனுக்கும் நூற்று ஐம்பத்தெட்டு. டாக்டர் தாளை அவன் முன் வைத்தார். “ராத்திரி ரெண்டு பேரும் ஒண்ணாத்தான சாப்பிடறீங்க?”

அவன் மேலிருந்து கீழ்வரை படித்தான். அக்காவின் பக்கம் திரும்பவில்லை. “ஆமா டாக்டர்.”

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். “இல்ல டாக்டர். நான்தான் பொய் எழுதிட்டேன்.”

“கீரை, பயறெல்லாம்?”

“அது நிஜம்.”

டாக்டர் பேனாவை நீட்டினார். பதின்மூன்று இடத்தில் ‘தம்பியுடன்’ என்பதை அடித்தாள்.

வெளியே வந்ததும் தம்பி, “எனக்குப் பயறு பிடிக்காதுன்னு தெரியுமில்ல?” என்றான்.

“தெரியும்டா.”

“அப்புறமும் நாள் தவறாம போட்டிருக்க.”

இருவரும் சிரித்தார்கள். அவன் டியூட்டிக்குப் போய்விட்டான்.

மூன்று மாதத்தில் அவளுக்கு நூற்று முப்பத்தெட்டுக்கு இறங்கியது, வயிறும் லேசானது. மாத்திரையா, பயறா, வேறு ஏதாவதா என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. டியூட்டி ஒத்துவரும் செவ்வாய்க்கிழமைகளில் தம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தான். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்புவான். வராத செவ்வாய்களும் இருந்தன. அன்று சமைத்ததில் பாதியை மூடி வைத்து, மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள்.