சுவர்ப் பக்கம் திரும்பி நின்றவர்

அந்த இடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். மதுரைவீரன், அவர் மனைவி முனிலட்சுமி, சம்பந்தியாக வரவிருந்த பாகலூர் கங்கப்பன், அவர் மனைவி வெங்கடம்மாள், பஞ்சர் கடை பஷீர் அஹமது, சுகாதார ஆய்வாளர் பிரவீனா, ரசீதுப் புத்தகத்தோடு அவர் கூட வந்த துப்புரவு மேஸ்திரி ஜெயமணி. எட்டாவதாக ஒரு ஆள் கிடையாது.

காலை பதினோரு மணி. நிச்சயதார்த்தப் புடவை எடுக்க ஓசூருக்கு வந்த இரண்டு குடும்பமும் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவுக்காக ஒரு கம்பெனியின் நீளமான மதில் ஓரம் நின்றது. இங்கே சிறுநீர் கழித்தால் இருநூறு ரூபாய் அபராதம் என்று மதிலில் சிவப்பாக எழுதியிருந்தது.

மதுரைவீரனுக்கு வயது அறுபத்தெட்டு. முப்பது வருஷம் கல் குவாரியில் வேலை பார்த்தும் வளையாத முதுகு. ஆனால் பத்து நாளாக அவருக்குச் சிறுநீர் தானாகப் பிரிவதில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்வரை இருக்கட்டும் என்று டாக்டர் குழாய் போட்டு, அதன் முனையில் ஒரு பையை இடது கெண்டைக்காலில் பட்டையால் கட்டி அனுப்பியிருந்தார். மனைவிக்கும் மகன் ஜெகதீஷுக்கும் மட்டுமே தெரியும். நிச்சயம் முடிவதற்குள் சீக்கு வீடு என்று யாராவது வாயைத் திறந்தால் ஜெகதீஷின் கல்யாணம் அதோடு நின்றது. அதனால் வேட்டியைக் கணுக்கால் மறைய இறக்கிக் கட்டியிருந்தார்.

அந்தப் பட்டைதான் இப்போது நழுவியது.

பெண்கள் நிற்கும் இடத்தில் காலைத் தடவிக்கொண்டிருப்பதா? பத்தடி தள்ளிப் போனார். சுவர்ப் பக்கம் திரும்பினார். குனிந்து, முன்கொசுவத்தை விலக்கிப் பட்டையை இழுத்து இறுக்கினார். நிமிர்வதற்குள் பின்னால் விசில் ஊதியது!

"பெரியவரே, போர்டு கண்ணுக்குத் தெரியலியா?" என்றார் ஜெயமணி.

"தெரியுது. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? அடிச்சு முடிச்சிட்டுக் கேக்கறதைப் பாருங்க மேடம்!"

பிரவீனா வண்டியிலிருந்து இறங்கினார். சின்னப் பெண். ஜெகதீஷின் வயதுதான் இருக்கும். "ஐயா, நானே பாத்தேன். இருநூறு கட்டிட்டுப் போயிடுங்க."

மதுரைவீரனுக்கு உச்சந்தலை சுட்டது. ஆண் அதிகாரியாக இருந்தால் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். மகள் வயதுப் பெண்ணிடம் எதைச் சொல்வது? "நான் போகல," என்றார்.

"அப்போ சுவத்துக்கிட்ட என்ன பண்ணீங்க?"

மதுரைவீரன் வேட்டியை இன்னும் கீழே இறக்கிவிட்டார்.

அதற்குள் கங்கப்பன் வந்துவிட்டார். வீட்டில் பேசுவது தமிழ்தான். பதற்றம் வந்தால் கன்னடம் முந்திக்கொள்ளும். "ஏனு சம்பந்தி இது? அடக்க முடியலன்னா சொல்லக்கூடாதா? பஸ் ஸ்டாண்டுல கக்கூஸ் இருக்குதே!"

"நான் போகலன்னு சொல்றேன்!"

கத்தல் கேட்டு எதிர்ப்புறப் பஞ்சர் கடையிலிருந்து, குவாரி நாளிலிருந்தே பழக்கமான பஷீர் அஹமது ஓடிவந்தார். கையெல்லாம் கிரீஸ். சட்டைப் பையிலிருந்து இரண்டு நூறு ரூபாயை விரல் நுனியால் உருவி நீட்டினார். "நம்ம அண்ணன்தான் மேடம். நான் கட்டிடறேன், விடுங்க."

"கைய எடு பாய்! கட்டுனா ஒத்துக்கிட்டதா ஆயிடும்."

"கட்டலன்னா கேசு," என்றார் ஜெயமணி. "பொம்பளைங்க நிக்கிற எடத்துல அசிங்கமா நடந்துக்கிட்டாருன்னு இன்னொரு பிரிவும் சேரும். கோர்ட்டுக்கு வர்றீங்களா?"

"வர்றேன். வண்டிய எடு!"

முனிலட்சுமி கிட்டே வந்து, "சொல்லித் தொலைங்களேன்," என்று கிசுகிசுத்தாள். அவர் பார்த்த பார்வையில் அவள் பின்வாங்கினாள். ஆனால் கோர்ட்டு என்ற சொல் அவளை உலுக்கியிருந்தது. சுருக்குப் பையைத் திறந்து, "எழுதுங்க சாமி, நான் கட்டறேன். பேரு மதுரைவீரன்," என்றாள்.

ஜெயமணி கார்பன் தாளைச் செருகி எழுதினார். "அப்பா பேரு?"

முனிலட்சுமி வாயைத் திறந்தாள்.

"நிறுத்து!"

சிக்னலில் நின்ற கம்பெனி பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. மதுரைவீரன் ரசீதுப் புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தன் பெயர் எங்கே நாறினாலும் தாங்கிக்கொள்வார். ஒரு நாள்கூடத் தலை குனியாமல் செத்துப்போன அப்பாவின் பெயர் மூத்திர ரசீதில் ஏறுவதா?

"எங்கப்பன் பேர இதுல எழுத விடமாட்டேன். கேட்டுக்குங்க எல்லாரும்! பத்து நாளா நான் ஒன்னுக்கே போகல. நெனச்சாலும் போக முடியாது!" சொல்லிக்கொண்டே இடது கால் பக்கம் வேட்டியின் ஓரத்தைத் தூக்கினார். "மூத்திரம் சுவத்துல இல்ல. இதோ, இங்க இருக்குது!"

பாதி நிரம்பிய பை கெண்டைக்காலில் வெயில் பட்டுப் பளபளத்தது.

பிரவீனாவின் முகம் சிவந்துபோயிற்று. "மன்னிச்சுக்குங்க ஐயா. பின்னாலேர்ந்து பாத்தப்ப..."

"பின்னாலேர்ந்து பாத்தா எல்லா ஆம்பிளையும் ஒரே மாதிரிதாம்மா இருப்பான்."

பஷீர் அஹமதுதான் முதலில் சிரித்தார். ஜெயமணி அவசரமாக ரசீதின் குறுக்கே ரத்து என்று எழுதினார்.

"அது பத்தாது. குற்றமில்லைன்னு எழுது."

"அப்படியெல்லாம் எழுத மாட்டாங்க பெரியவரே."

"எழுதுங்க ஜெயமணி," என்றார் பிரவீனா. எழுதப்பட்டது. மதுரைவீரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகே கையை எடுத்தார்.

இனி கங்கப்பன் என்ன சொல்வாரோ! மதுரைவீரன் அவர் பக்கம் திரும்பினார். ஆனால் பேசியது வெங்கடம்மாள்.

"அதுக்குத்தானாண்ணா போன வாரம் எங்க வீட்டுல காப்பி வேணாம், தண்ணி வேணாம்னீங்க? எங்க கை பிடிக்கலியோன்னு ரெண்டு நாளா நான் சோறு திங்கல! இந்த மனுசன்கிட்ட, சம்பந்தமே வேணாம்னுகூடச் சொல்லிட்டேன்."

"ஆமா, சொன்னா," என்று கங்கப்பன் தலையாட்டினார். "நான்தான் புடவை எடுத்துட்டு யோசிக்கலாம்னு இழுத்தேன்."

"தண்ணி குடிக்காட்டி குழாய் அடைச்சுக்கும். எங்க மாமனாருக்கு மூணு மாசம் நான்தான் பை மாத்தினேன், எனக்குத் தெரியாதா? பாய், ஒரு சொம்பு தண்ணி கொடுங்க!"

தண்ணீர் வந்தது. மதுரைவீரன் நின்றபடியே அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தார். பிறகு எல்லோரும் ஆட்டோ ஏறிப் போய் அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை எடுத்தார்கள். நிச்சயம் குறித்த நாளில் நடந்தது.

மதுரைவீரன் நடுரோட்டில் வேட்டியை அவிழ்த்துக் காட்டினார் என்று பஸ்ஸில் போனவர்கள் சொல்லி, அது காவேரிப்பட்டினம் வரை பரவியிருக்கிறது. அவர் அவிழ்க்கவில்லை. இடது காலில், முழங்காலுக்குக் கீழே, ஒரு சாண் உயரம் தூக்கினார்.