உலகநாதனின் மேலுதடு

மீசையை எடு, இல்லையென்றால் வாத்தியார் வேலையை மறந்துவிடு என்று உலகநாதனிடம் மணவாளன் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லிப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ள வந்த வாலிபர்கள் சிலரும் அங்கேயே தங்கிப் படித்தார்கள். மணவாளன் அவர்களுக்கு ஆசிரியர், கல்கத்தாவில் பயிற்சி பெற்றவர். கையால் ஜாடை காட்டக் கூடாது, வாத்தியாரின் உதட்டசைவைப் பார்த்தே பிள்ளை வார்த்தையைப் பிடிக்க வேண்டும் என்பது அன்றைய முறை. அந்த வாலிபர்களில் ஒருவனான உலகநாதனின் உதட்டைப் பார்க்கத்தான் வழியில்லை. அவன் ஊரான சேக்காட்டில் ஆண்கள் மீசை விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. அவனுடையது மேலுதட்டை முழுங்கிவிட்டுக் கீழுதட்டையும் விசாரித்துக்கொண்டிருந்தது.

அவனிடம் ஒப்படைத்த பிள்ளையின் பெயர் வடிவு. மற்ற வாலிபர்கள் 'பூ' என்றால் மேஜையிலிருந்து பூவை எடுப்பாள். உலகநாதன் சொன்னால் அவன் மீசையை அக்கறையோடு பார்ப்பாள். பிறகு தன் மேலுதட்டில் விரலை வைத்து முறுக்கிக் காட்டுவாள்.

"அந்தப் பொண்ணுக்கு நீ பேசறது தெரியலை, என்னமோ அசையறதுதான் தெரியறது" என்றார் மணவாளன். "திங்கட்கிழமை பரீட்சை அதிகாரி வரார். மீசையோட உன்னை வகுப்புல நிறுத்த மாட்டேன்."

"எங்க நைனா உசுரோட கீறாரு சார்."

"ரொம்ப சந்தோஷம்."

கல்கத்தாக்காரருக்கு அது விளங்கவில்லை. சேக்காட்டில் முளைத்த மீசையை ஒரே காரியத்துக்குத்தான் எடுப்பார்கள், தகப்பன் செத்ததற்கு. அவர் இருக்கும்போதே எடுப்பது, செத்துப்போ என்று முகத்துக்கு நேராகச் சொல்வதைவிட மோசம். சொன்னதைக் கோபத்தில் சொன்னதாக மன்னித்துவிடலாம்.

தகப்பன் ஜெயராமனோ ஏற்கெனவே மகனோடு சரியாகப் பேசுவதில்லை. ஊரில் அவருக்குப் பெரிய நிதானஸ்தர் என்று பெயர். பஞ்சாயத்தில் எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு "ஆவட்டும், பாக்கலாம்" என்பார். அதைவிடப் பெரிய தீர்ப்பை அந்த ஊர் கேட்டதில்லை. உலகநாதன் பெரியவனானதிலிருந்து அவனுக்கும் அதே தீர்ப்புதான். பயிற்சிக்குப் போகிறேன் என்றான், ஆவட்டும் என்றார். என்மேல் கோபமா என்றான், பாக்கலாம் என்றார். நிலத்தை விட்டுப் போகிறவன்மேல் வெறுப்பு என்று அவன் முடிவுகட்டிக்கொண்டான். அம்மா நாகம்மாளிடம் மட்டும் அவர் கலகலவென்று பேசுவதைப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது.

சனிக்கிழமை காலை நாவிதரிடம் போய் உட்கார்ந்தான்.

"எப்ப ஆச்சு?" என்றார் நாவிதர்.

"இன்னும் ஆவல."

நாவிதர் கத்தியைத் தீட்டியபடியே யோசித்தார். "ஆவப்போவுதா?"

உலகநாதன் முகத்தைக் காட்டினான்.

பள்ளிக்குத் திரும்பி வடிவின் முன்னால் உட்கார்ந்து 'பூ' என்றான். அவள் எடுத்தாள். 'மணி' என்றான், எடுத்தாள். பிறகு கை நீட்டி அவன் மொட்டை உதட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். இந்தச் சிரிப்புக்குத் தகப்பனிடம் அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது. யாராவது போய்ச் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவோம் என்று ஆவடி ரோட்டில் ஊரைப் பார்த்து நடந்தான்.

வழியில் பருத்திப்பட்டில், அவர்கள் நிலத்தில் வேலை செய்யும் துலுக்காணம் வைக்கோல் வண்டியோடு எதிர்ப்பட்டான். உலகநாதனின் முகத்தைப் பார்த்ததும் தலைத்துண்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"பெரியவரு பூட்டாரா?"

"இல்ல துலுக்காணம், நல்லா கீறாரு."

"அப்டித்தான் தோணும் சின்னவரே. மனசு ஒத்துக்காது" என்று அழுதபடி துலுக்காணம் வண்டியைச் சேக்காட்டுப் பக்கம் திருப்பி மாட்டை விரட்டினான்.

உலகநாதன் வீட்டை நெருங்கும்போதே ஒப்பாரி கேட்டது. வாசலில் ஊர் கூடியிருந்தது. எதிர்வீட்டு முனியம்மா மார்பில் அடித்துக்கொண்டு பாதிப் பாட்டுக்கு வந்திருந்தாள். இறந்தவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். முனியம்மாவுக்கு ஆரம்பித்த பாட்டை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஜெயராமன் கூட்டத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"ஆவட்டும்," என்றார், "பாக்கலாம்."

உலகநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் எதிரில் நின்றான்.

"நைனா, மன்னிச்சுடு. அந்தப் பசங்களுக்குக் காது கேக்காது. என் ஒதட்டப் பாத்துத்தான் பேச்சு புரியணும். மீச மறைச்சுது, அதான் எடுத்துட்டேன்."

ஆவட்டும் என்ற சொல்லுக்காகக் காத்து நின்றான். ஜெயராமன் சட்டியைக் கீழே வைத்தார். மகனின் வாயையே உற்றுப் பார்த்தார். வடிவும் காலையில் அப்படித்தான் பார்த்தாள்.

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னான்.

"உனக்கு மீச மொளைச்சதுலருந்து நீ இன்னா சொல்றேன்னே எனக்குத் தெரில" என்றார் ஜெயராமன். "இப்பத்தான் தெரியுது."

உலகநாதனுக்கு வெட்கமாக இருந்தது. யார் யார் வீட்டுப் பிள்ளைகளின் காதுகளையெல்லாம் சோதிக்கப் படித்துக்கொண்டிருந்தவன், இந்தக் கட்டிலில் இருந்தவரைக் கவனிக்கவில்லை. அவர் வெறுத்ததாக நினைத்து, அவனும் அவரை வெறுத்திருந்தான்.

"பின்னாலருந்து கூப்ட்டா திரும்பவே மாட்டாரு" என்றாள் நாகம்மாள் மெதுவாக. "கொயுப்புன்னு நெனச்சேன்."

ஜெயராமன் கட்டிலில் தள்ளி உட்கார்ந்து மகனுக்கு இடம் விட்டார். "அந்தப் பசங்களுக்கு இன்னா சொல்லிக் குடுக்கற?" என்று கேட்டார். உலகநாதன் பக்கத்தில் உட்காரப் போனான். அவர் தடுத்து, எதிரில் தரையைக் காட்டினார். முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, அவன் பூவிலிருந்து தொடங்கினான்.

பாட்டைப் பாதியில் விட்ட முனியம்மாவுக்கு ஆறவில்லை. கட்டிலுக்கு எதிரில் வந்து நின்று கேட்டாள். "தகப்பன் குத்துக்கல்லாட்டம் கீறப்ப புள்ள மீசைய எடுத்துகினு வந்து நிக்கறானே. ஊரு இன்னா சொல்லும்?"

ஜெயராமன் அவள் வாய் மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லட்டும்" என்றார். "எனக்குத்தான் காதுல உழாதே."