வந்தாளா, வரவில்லையா

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வயதைத் தாண்டியும் அது மாறவில்லை. துணிக்கடை வேலையை விட்டுவிட்டுச் சட்ட உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தபோது அண்ணன் கேலி செய்தான்.

"அப்ப நீ அரை வக்கீலா?"

மனு தயாரிப்பது, வருகிறவர்களிடம் விவரம் கேட்டு எழுதுவது, வழக்குத் தேதிகளைக் கவனிப்பது எல்லாம் தன் வேலை, வாதாடுவது மட்டும் கிடையாது என்று விளக்கினாள்.

"வாயில்லா வக்கீல்னு சொல்லு," என்றான். அம்மா சிரித்தாள். அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வகுப்புகள் முடிந்து, செய்முறைப் பயிற்சிக்காக ஒரு வக்கீலம்மாவின் அலுவலகத்தில் சேர்ந்தாள். ஒரு நாள் காலை, புதிதாக வந்திருப்பவரிடம் விவரம் கேட்டு எழுதும்படி வக்கீலம்மா அவளை உள் அறைக்கு அனுப்பினார். கதவைத் திறந்தால், நாற்காலியின் நுனியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. "நீ இங்கயா இருக்க? தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேனே," என்றாள். "அவர்கிட்ட சொல்லிடாத பாப்பா. இந்தத் தடவ விடமாட்டாரு."

எழுந்த வேகத்தில் கழுத்தைச் சுற்றியிருந்த துணி நழுவியது. விரல் விரலாக நீலம் பாரித்திருந்தது.

அண்ணனுக்குக் கோபம் வரும் என்று பாப்பாவுக்குத் தெரியும். இது தெரியாது. நேராக வக்கீலம்மாவிடம் போய், வந்திருப்பது தன் அண்ணி என்று சொன்னாள்.

"நல்லவேளை சொன்ன. இந்த ஃபைல நீ தொடக்கூடாது," என்றார் அவர். "அவங்க வந்தாங்கன்னும் யார்கிட்டயும் சொல்லாத, வரலன்னும் சொல்லாத. இன்னிக்கு வரலன்னு சொல்லிட்டா, நாளைக்கு நீ பேசாம நிக்கிறதே வந்தாங்கன்னு ஆயிடும்."

வகுப்பில் படித்த பாடம்தான். பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். விடைத்தாள் எதிரே வந்து நின்று முறைக்காது.

அண்ணி அங்கிருந்தே பெண்கள் காப்பகத்துக்குப் போய்விட்டாள். சாயங்காலம், பாப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கும் வீட்டுக்கு அண்ணன் வந்தான். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"அவளக் காணோம். உங்க ஆபீஸுக்கு வந்தாளா?"

"யார் வந்தாங்க, வரலன்னு நான் சொல்லக்கூடாதுண்ணா."

"அப்ப வந்திருக்கா."

"நான் அப்படிச் சொல்லல."

"வரலன்னு சொல்லேன், போயிடறேன்."

'வரல' என்ற ஒரு சொல், பொய்தான், அதைச் சொல்லிவிட்டால் போய்விடுவான். அடுத்த முறை வருவான், அன்றைக்குச் சொல்லாமல் நின்றாலே அது பதிலாகிவிடும்.

அடுப்படி வாசலில் நின்ற அம்மா, "சொல்லித் தொலையேன்டி. கூடப் பொறந்தவன்தானே," என்றாள்.

"அது என் வேலைம்மா. நாளைக்கு அண்ணனே அங்க வந்தாலும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அண்ணன் எழுந்து வந்தான். அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. ரொம்ப மெதுவாக, "பாப்பா, என்னப் பாரு," என்றான். பிறகு அவன் கை அவள் கழுத்தில் இருந்தது. அழுத்தவில்லை, வைத்திருந்தான். காலையில் பார்த்த நீலத் தடங்கள் இருந்த அதே இடத்தில் ஒவ்வொரு விரலும் பதிவதை அவள் உணர்ந்தாள். மூச்சு விடப் பயமாக இருந்தது.

"கைய எடுடா," என்றாள் அம்மா.

மகனிடம் அம்மா இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டதில்லை போலிருக்கிறது. கையை எடுத்தான். "காலைல உன் ஆபீஸுக்கே வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாப்பா வக்கீலம்மாவுக்குப் போன் செய்தாள்.

சொன்னபடியே அவன் வந்தான். வக்கீலம்மா வரவழைத்திருந்த போலீஸ்காரர் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு எதிர்ச்சாரியிலேயே நின்றான். ஜன்னல் வழியாக அவனைப் பார்த்ததும் அவள் சுவரோரமாக நகர்ந்துகொண்டாள்.

"உக்காரு. இப்ப நீ உதவியாளர் இல்ல, சாட்சி," என்றார் வக்கீலம்மா. அவளோடு படித்த இன்னொரு பெண் எதிரே உட்கார்ந்து, நேற்று என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டாள். எத்தனையோ பேரிடம் தான் கேட்ட அதே கேள்விகள். பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

நீதிமன்றத்தில் அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதி சத்தமாகப் பேசச் சொன்னார். அலுவலகத்தில் பார்த்ததை விட்டுவிட்டு, தன் கழுத்தில் கை வைத்ததை மட்டும் சொன்னாள். தனக்கு நடந்ததை அண்ணியே சொன்னாள். அம்மாவும் வந்து, ஆமாம் என்றாள். அண்ணி, பாப்பா, அம்மா மூவர் பக்கமும் அண்ணன் வரக்கூடாது என்று தடை உத்தரவு கிடைத்தது.

அதன்பிறகும் பாப்பா மாடிப்படி திருப்பத்தில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். அம்மா பகலிலும் தாழ் போட்டாள். மகன் எங்கே சாப்பிடுகிறானோ என்று சில சமயம் அழுதாள்.

பயிற்சி முடிந்தது. கூடப் படித்தவர்களில் ஒருத்தி வங்கியின் சட்டப் பிரிவில் சேர்ந்தாள், இன்னொருவர் ஒரு கம்பெனியில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கப் போனார். பாப்பா நீதிமன்றத்தில் இருக்கும் பெண்கள் உதவி மையத்துக்கு விண்ணப்பித்தாள். வேலை கிடைத்தது.

"அங்க இவனாட்டம் எத்தனை பேர் வருவானுங்களோ. பயமா இல்லையாடி?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கும்மா," என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. "நான் போனதும் தாழ் போட்டுக்கோ."