சொன்னது சொன்னபடி

புயல் மழையில் ஹெலகம கிராமத்தின் தண்ணீர்த் தொட்டி மண்ணுக்குள் போய்விட்டது. தொட்டியோடு அதற்கு வந்த குழாயும், குழாயைத் தாங்கியிருந்த சரிவும் சேர்ந்து ஓடைக்குள் இறங்கிக் கிடந்தன. கிராமத்துச் சனங்களுக்கு வேறு வழியில்லை. கேன்களையும் பிளாஸ்டிக் வாளிகளையும் தூக்கிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே ஏறி, ஊசிமலைத் தோட்டத்துப் பீலிக்கு வரத் தொடங்கினார்கள்.

பாறை ஊற்றிலிருந்து ஒற்றைக் குழாய் வழியாக விழும் தண்ணீர்தான் பீலி. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் சனங்கள் குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அதில்தான். முதலில் யாரும் முகம் சுளிக்கவில்லை. "பாவம், கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறி வாராங்க" என்று சொல்லி, தங்கள் குடத்தை நகர்த்தி வைத்தவர்களும் உண்டு. ஆனால் தண்ணீர் எவ்வளவு விழுந்தாலும் வாய் ஒன்றுதானே. விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டில் போய் நிற்க வேண்டிய பெண்கள், வரிசையில் கிராமத்துக் கேன்களுக்குப் பின்னால் நின்றார்கள். நேரம் பிந்திப் போனால் கங்காணி அரைப் பெயர் போட்டு அரை நாள் சம்பளத்தை வெட்டிவிடுவார். ஒரு நாள் லயத்து நாகலெட்சுமியின் குடத்தைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் யாரோ கிராமத்துக் கேனை வைத்தார்கள். அவள் அந்தக் கேனைக் காலால் எத்திவிட்டாள். அது சரிவில் உருண்டு போய்க் கொழுந்துச் செடியில் சிக்கி நின்றது. அப்புறம் இரண்டு பக்கமும் கத்தல்தான். ஒருவர் பேசியது மற்றவருக்கு விளங்கவில்லை என்றாலும், பேசிய விதம் எல்லாருக்கும் விளங்கியது.

அன்று மத்தியானம் தோட்டத் தலைவர் ஜெயகாந்தன் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் பிரியந்தி.

"அந்தியில நாட்டுக்காரங்க பேச வாராங்களாம். நீ கட்டாயம் வரணும் தங்கச்சி. ஒன்னய விட்டா ரெண்டு பாசையும் ஒழுங்காத் தெரிஞ்ச ஆளு நமக்கு யாரு இருக்கா?"

"வாரேன் அண்ணே" என்றாள் பிரியந்தி, மடியில் தூங்கிய குழந்தையை அசைக்காமல்.

ஊசிமலையின் கீழ்ப்பிரிவு சின்ன இடம். மாரியம்மன் கோயிலைச் சுற்றிய லயங்களில் பெரும்பாலும் இந்துக்கள். மலைமுனையில் மாதா சிலை வைத்திருக்கும் கடைசி லயத்தில் வேதக்காரர்கள். பிரியந்தியின் கணவன் அன்டன் அந்த லயத்துப் பிள்ளை. சந்தியில் தேநீர்க்கடை வைத்திருப்பவர் முஸ்லிம், எல்லாருக்கும் நானா. ஓடைக்குக் கீழே, வயலும் விகாரையுமாக இருப்பது சிங்களக் கிராமமான ஹெலகம. தோட்டத்தார் வாயில் அது 'நாடு'. அந்த நாட்டிலிருந்து ஒரே ஒருத்தி மேலே ஏறி வந்து லயத்தில் குடியிருந்தாள். அவள் சந்திராவதி, பிரியந்தியின் தாய். தோட்டத்தில் தேயிலை கவ்வாத்து வெட்டிய செல்லசாமியைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளுடைய அண்ணன் வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கவே இல்லை. அவள் செத்தபோதும் கிராமத்திலிருந்து யாரும் வரவில்லை.

பிரியந்தி என்ற பெயரை இரண்டு பக்கத்திலும் வைப்பார்கள் என்பதற்காகவே தாய் தேர்ந்தெடுத்தாளாம். பெயர் பொருந்தியது போல ஆள் பொருந்தவில்லை. ஆஸ்பத்திரியில் தாதியிடம் பேச, பொலிசில் முறைப்பாடு சொல்ல, 'நம்ம பிரியந்தி' வேண்டும். சண்டை என்று வந்தால் அவள் 'சிங்களத்தி மக'. கீழே கிராமத்துக் கடைக்குப் போனால், 'தோட்டத்துத் தமிழ்ப் பெட்டை'. சின்ன வயதில் இதற்கெல்லாம் அழுதிருக்கிறாள். இப்போது அழுவதில்லை. காதில் விழுந்ததைக் காதோடு விட்டுவிடப் பழகிவிட்டாள்.

அந்தியில் பீலிக்கரையில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே நின்றன. கிராமத்தின் சார்பில் முன்னே நின்றவர் திலகரத்ன. சந்திராவதியின் அண்ணன் மகன், முறைப்படி பிரியந்திக்கு மச்சான். அவளைப் பார்த்ததும் பார்வையைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் நின்றவரிடம், "இவள் யாருக்காகப் பேசுவாள்? தமிழனோடு ஓடிப்போனவளின் மகள்" என்று சிங்களத்தில் முணுமுணுத்தார். அவள் பின்னாலிருந்து ஜெயகாந்தனின் குரலும் கேட்டது: "எதுக்கும் கவனமாப் பேசுங்கப்பா. சிங்களத்தி மகதானே, எங்கிட்டு சாய்வான்னு சொல்ல ஏலாது."

இரண்டும் அவளுக்கு விளங்கின.

திலகரத்ன தொடங்கினார். "இந்த மலை எங்கள் தாத்தாமாருடையது. கொழுந்து பறிக்கக் கூட்டி வந்தவர்கள் எங்களுக்குத் தண்ணீர் அளந்து கொடுப்பதா?"

பிரியந்தி தோட்டத்தார் பக்கம் திரும்பினாள். "அவங்க தாத்தா காலத்துல இருந்தே இந்தத் தண்ணிய நம்பித்தான் இருந்தாங்களாம். கொஞ்சம் விட்டுக்குடுங்கன்னு கேக்குறாரு" என்றாள்.

ஜெயகாந்தனின் முகம் இளகவில்லை. "எண்பத்து மூணு கலவரத்துல எங்க லயத்துக்கு நெருப்பு வச்சப்ப, இவங்க ஆளுங்க ரோட்டுல நின்னு வேடிக்கை பாத்தாங்க. இப்ப தண்ணிக்கு மட்டும் நாங்க வேணுமான்னு கேளு."

அவள் சிங்களத்துக்குத் திரும்பினாள். "கஷ்டம் என்றால் என்னவென்று எங்களுக்கும் தெரியும் என்கிறார்."

திலகரத்ன மெல்லத் தலையசைத்தார். காரியம் நல்லபடியாகப் போகிறது என்றுதான் பிரியந்தி நினைத்தாள். அப்போது தோட்டத்தார் கூட்டத்துக்குள்ளிருந்து கிஷாந்த் குரல் கொடுத்தான். கொழும்பில் புடவைக் கடையில் மூன்று வருடம் நின்று, ஓரளவு சிங்களமும் பழகிக்கொண்டு, புயலுக்கு முன்னால்தான் திரும்பி வந்தவன்.

"தலைவரே, அக்கா மாத்திச் சொல்றாங்க! அந்த ஆளு சொன்னது அது இல்ல. நீங்க சொன்னதையும் இவங்க சொல்லல!"

ஜெயகாந்தன் ஓரடி முன்னால் வந்தார்.

"ஆத்தா ஆளுங்களக் காப்பாத்துறியோ?" என்றார் ஜெயகாந்தன். கிராமத்தார் பக்கமிருந்து, "அவன் என்ன கத்துகிறான்? நீ என்ன சொன்னாய்?" என்று திலகரத்ன அதட்டினார். இரண்டு பக்கத்துக் கண்களும் அவள்மேல் இருந்தன. அன்டன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தான். "வா வீட்டுக்குப் போவோம். இவங்களா அடிச்சிக்கட்டும்."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். அவ்வளவு காலமும் காதோடு விட்டதெல்லாம் இப்போது நாக்குக்கு வந்தது.

"நான் மாத்தித்தான் சொன்னேன்" என்றாள் தமிழில். அதையே சிங்களத்திலும் சொன்னாள். "சண்ட வந்துரக் கூடாதுன்னு சொன்னேன். இனி மாத்த மாட்டேன். கேட்டுக்குங்க."

பிறகு திலகரத்ன சொன்னதைச் சொல் பிசகாமல் தமிழில் சொன்னாள். ஜெயகாந்தன் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை. "என்னயப் பத்தியும் பேசினீங்க. அவரு, தமிழனோட ஓடிப்போனவளோட மகளுன்னாரு. இவரு, சிங்களத்தி மக, எங்கிட்டு சாய்வாளோன்னாரு." இதையும் இரண்டு பாசையிலும் சொன்னாள்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாகலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திலகரத்னதான் பேசினார், இந்த முறை அதட்டல் இல்லாமல்.

"அவருடைய வீடா எரிந்தது என்று கேள்."

அவள் கேட்டாள்.

"எங்க வீடுதான்" என்றார் ஜெயகாந்தன். "எனக்கு எட்டு வயசு. அம்மா என்னயத் தூக்கிக்கிட்டு காட்டுக்குள்ள ஓடிருச்சு. வாசல்ல ஆட்டுக்குட்டியக் கட்டி வச்சிருந்தேன். அவுக்க நேரமில்ல. அது கத்துனது காட்டுக்குள்ள வரைக்கும் கேட்டுச்சு."

பிரியந்தி அதைச் சிங்களத்தில் சொன்னபோது, கிராமத்துப் பெண்களில் ஒருத்தி இரக்கப்பட்டு "அனே" என்றாள். திலகரத்ன தரையைப் பார்த்தபடி நின்றார். "மண் இறங்கிய அன்று என் தொழுவமும் போய்விட்டது. இரண்டு பசுக்கள். கயிற்றை அவிழ்க்க ஓடினேன், மகன் பிடித்து இழுத்துவிட்டான். சத்தம் எனக்கும் கேட்டது."

அவள் அதைத் தமிழில் சொன்னாள். ஜெயகாந்தன் தன் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். 'மன்னிச்சுக்குங்க' என்று யாரும் சொல்லவில்லை. கட்டிப்பிடித்துக் கொள்ளவும் இல்லை.

"பேசினது போதும். இருட்டப் போகுது, பிள்ள உடுப்பு இன்னும் தொவைக்கல" என்று நாகலெட்சுமிதான் ஆரம்பித்தாள். பெரட்டுக்கு முன்னால் பீலி லயத்துக்கு, பெண்கள் மலைக்குப் போன பிறகு கிராமத்துக்கு, அந்தியில் வந்தவர் வந்தபடி என்று அவளே முறை சொன்னாள். பிரியந்தி அதைச் சொல்ல, கிராமத்துப் பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். "நான் எத்துன கேன் யாரோடதுன்னு கேளு பிரியந்தி" என்றாள் நாகலெட்சுமி. அதற்கு உரியவள் சிரித்தபடி கை தூக்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆண்கள் சிலர், கிஷாந்தும்தான், மண்வெட்டியோடு இறங்கிப் போய்க் கிராமத்துக் குழாய்க்குப் புதுப் பாதை வெட்டினார்கள். ஜெயகாந்தன் போகவில்லை, ஆனால் போகிறவர்களைத் தடுக்கவும் இல்லை. கிராமத்து வீடுகளிலிருந்து பலாக்காய்க் கறியோடு சோறு வந்ததாகக் கிஷாந்த் வந்து சொன்னான். "அன்னைக்கு நான் வாயத் தொறந்திருக்கக் கூடாதுக்கா" என்றும் சொன்னான்.

"தொறந்தது நல்லதுதான்டா" என்றாள் பிரியந்தி. மனதில் பட்டதைத்தான் சொன்னாள். தான் மெழுகி மெழுகிச் சொன்ன சொற்கள் எத்தனை வருடமாக இவர்களை ஒருவரையொருவர் கேட்கவிடாமல் வைத்திருந்தனவோ என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

ஜெயகாந்தன் ஒரு மாதம் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. தை பிறந்த பிறகு, புயலில் சரிந்துபோன பாதையை யார் திருத்துவது என்று இரண்டு ஊரும் மறுபடி கூட வேண்டி வந்தது. இந்த முறை அவரே காம்பரா வாசலில் வந்து நின்றார்.

"வர முடியுமா தங்கச்சி?"

"வாரேன். ஆனா சொன்னத சொன்னபடிதான் சொல்லுவேன் அண்ணே."

"தெரியும், தெரியும்."

கூட்டம் சந்தியில், நானாவின் கடை முன்னால் நடந்தது. திலகரத்ன ஏதோ சொல்ல, ஜெயகாந்தனுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "இந்தப் பயலுகளுக்கு..." என்று தொடங்கியவர், பிரியந்தி தன் பக்கம் திரும்பிக் காத்திருப்பதைப் பார்த்தார். வாயை மூடினார். தேநீரை ஒரு மடக்குக் குடித்தார். பிறகு, "இவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னா..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.